2010 பிரான்ஸ் அணிக்கு வந்த கிண்டல் விருதுகள்: எது நடந்தது, எது கட்டிவிட்டது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தென்னாப்பிரிக்காவில் நடந்த 2010 கால்பந்து உலகக் கோப்பையில் மண்ணைக் கவ்விய பிரான்ஸ் அணிக்கு யாரோ போட்ட கிண்டல் விருதுப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, அதை அலுவலக விழாவில் வாசிக்கலாமா. ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் உங்கள் நிஜமான கவலை இருக்கிறது. "பொய் என்று யாராவது எழுந்து சொல்லிவிட்டால் மானம் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, எது நடந்தது, எது கட்டிவிட்டது, எது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் 22 வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒவ்வொரு உலகக் கோப்பை முடிந்ததும் இந்த மாதிரி அரைப் பக்கம் போடுவது என் தலையில்தான் விழும். அதில் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விருதின் பெயரில் எவ்வளவு கற்பனை வேண்டுமானாலும் இருக்கலாம், கொடுக்கும் காரணத்தில் துளிகூட இருக்கக் கூடாது. 2010 பிரான்ஸைப் பொறுத்தவரை கற்பனைக்குத் தேவையே இல்லை. இலை நிறைய அவர்களே பரிமாறிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே: எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஏஜென்சி செய்திகளையும், புதுச்சேரிக்கார நண்பர் ஒருவர் வாசித்துச் சொன்னதையும் வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் யாருடைய பேச்சையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே தராமல், அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலின் முதல் விருது, 'சிறந்த கைவேலைப்பாடு', பிரான்ஸின் முன்கள ஆட்டக்காரர் தியரி ஹென்றிக்கு. தாராளமாக வாசியுங்கள். 2009 நவம்பர் 18, பாரிஸ். அயர்லாந்துடன் தகுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. மலூடா அடித்த ஃப்ரீகிக் எல்லோரையும் தாண்டி, கோட்டுக்கு வெளியே போகப் பார்க்கிறது. ஹென்றி இடது கையால் அதைத் தடுத்து, இன்னொரு தட்டும் தட்டி, காலுக்குக் கொண்டுவந்து கொடுக்க, கலாஸ் தலையால் முட்டி கோல். நடுவர் பார்க்கவில்லை, அந்தக் கோலால்தான் பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போனது. கையில் பட்டது உண்மைதான், ஆனால் நான் நடுவர் இல்லையே என்று ஹென்றி பிறகு சொன்னார். எங்களை 33ஆவது அணியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அயர்லாந்து கேட்டுப் பார்த்ததும் நடந்ததுதான். உங்கள் பட்டியல் அடுத்து 'ஃபிஃபா லஞ்சம் கொடுத்தது' என்கிறது. அந்தச் சொல்லை மாற்றுங்கள். அயர்லாந்து வழக்குக்குப் போகாமலிருக்க, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015இல் வெளியே வந்தது. ஸ்டேடியம் கட்டக் கொடுத்த கடன், அப்புறம் தள்ளுபடி செய்துவிட்டோம் என்றது ஃபிஃபா. கை தட்டிய ஆசாமி ஒருவர், கடன் தள்ளுபடி இன்னொருவருக்கு. நம் ஊரில் இதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, 'சிறந்த முன்னோட்டம்'. சீனாவிடம் தோற்றதற்கு. இதுவும் நிஜம். போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஜூன் 4ஆம் தேதி, ரீயூனியன் தீவில் 0-1. அந்த உலகக் கோப்பைக்குச் சீனா தகுதி பெறவே இல்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள், கூடுதலாக ஒரு சிரிப்பு வரும்.

மூன்றாவதுதான் ஜாதக விருது. 'விருச்சிக ராசிக்காரர்களை அணியில் சேர்க்காத பயிற்சியாளர்.' இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பயிற்சியாளர் ரேமண்ட் டொமெனெக்குக்கு ஜோதிடத்தில் ஆர்வம் உண்டு என்பதை அவரே பேசியிருக்கிறார். ஆட்டக்காரர்களின் ராசியைப் பற்றி அவர் பேட்டிகளில் சொன்னவையும் அச்சில் இருக்கின்றன. ஆனால் ராபர்ட் பிரெஸை விருச்சிகம் என்பதாலேயே ஒதுக்கினார் என்பது பத்திரிகைகளில் ஓடிய கதை. பிரெஸ் பயிற்சியாளரை வெளிப்படையாக விமர்சித்தவர், வயதும் ஆகிக்கொண்டிருந்தது. ஒதுக்க அதுவே போதும். அதனால் 'ஒதுக்கியதாகப் பேச்சு' என்று போடுங்கள். இன்னொரு வேடிக்கை. பிரெஸ் பிறந்தது அக்டோபர் 29. நம் கணக்கில் ஐப்பசி, சூரியன் துலாத்தில். மயிலாப்பூர் ஜோசியர் யாரையாவது கேட்டிருந்தால் பையன் அணியில் இருந்திருப்பான்.

அடுத்து முன்கள ஆட்டக்காரர் அனெல்கா. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். முதல் ஆட்டம் உருகுவேயுடன் 0-0. கடைசிப் பத்து நிமிடம் உருகுவே பத்துப் பேரோடு ஆடியும் பிரான்ஸால் பந்தை உள்ளே தள்ள முடியவில்லை. இரண்டாவது ஆட்டம் மெக்சிகோவுடன், நம் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு. இடைவேளை முடிந்து அணி இறங்கியபோது அனெல்கா இல்லை, ஜின்யாக் வந்தார். நகரப் பதிப்பை முடிக்க என் கையில் இருபது நிமிடம். "அனெல்காவுக்குக் காயமோ?" என்று ஒரு படக்குறிப்பு எழுதி அனுப்பினேன். அந்தக் கேள்விக்குறிதான் என்னைக் காப்பாற்றியது. 0-2 என்று தோற்று, ஒரு நாள் விட்டு, பாரிஸின் லெகிப் பத்திரிகை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது: இடைவேளையில் உடைமாற்றும் அறையில் அனெல்கா பயிற்சியாளரைத் தாயைச் சேர்த்துத் திட்டினார் என்று. அன்றே அவரை மூட்டை கட்டச் சொன்னார்கள்.

இதில் உறுதியானது: தகராறு நடந்தது, ஆளை மாற்றினார்கள், ஊருக்கு அனுப்பினார்கள். உறுதியில்லாதது: அந்த வார்த்தைகள். அச்சில் வந்ததை நான் சொல்லவில்லை என்று அனெல்கா பத்திரிகை மீது வழக்குப் போட்டார், தோற்றார். ஆனால் அறைக்குள் இருந்த டொமெனெக்கே பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் வேறு வார்த்தைகளைத்தான் எழுதியிருக்கிறார். உன் உருப்படாத அணியை நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்கிற தோரணையில். அதிலும், வசவைவிட முதலில் தன்னைச் சுட்டது 'நீ' என்று ஒருமையில் பேசியதுதான் என்று எழுதினாராம். புதுச்சேரி நண்பர் இதை எனக்கு விளக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். 'நீ', 'நீங்க' விவகாரத்தில் சண்டை வந்து பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர்கள் இருக்கும் ஊர்க்காரனுக்கு இதையுமா விளக்க வேண்டும்? உங்கள் பட்டியலில் அந்த வசவு முழுசாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, 'ஒருமையில் பேசியதற்கான சிறப்பு விருது' என்று மாற்றுங்கள். விழாவில் பெண்கள், குழந்தைகள் இருப்பார்கள் என்பதற்காக மட்டுமில்லை, அதுதான் சிரிப்பும்கூட.

பேருந்துக்கு வருவோம். இந்த அணியை உலகம் நினைவில் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் நைஸ்னா என்ற சின்ன ஊர். அன்று பயிற்சியைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி. ஆட்டக்காரர்கள் பேருந்திலிருந்து இறங்கி, வேலியோரம் நின்றவர்களிடம் போய் நல்லபடியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் அணித் தலைவர் எவ்ராவுக்கும் உடற்பயிற்சிப் பயிற்சியாளர் ரொபேர் துவெர்னுக்கும் மைதானத்திலேயே வாய்த்தகராறு. விரல்கள் நீளுகின்றன, டொமெனெக் நடுவில் புகுந்து விலக்குகிறார். துவெர்ன் விடுவிடுவென்று நடந்துபோய், கையில் இருந்ததை வீசி எறிகிறார். ஸ்டாப்வாட்ச் என்று பல செய்திகள், அடையாள அட்டை என்று சில. கோபம் நிச்சயம், பொருள்தான் சந்தேகம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் திரும்பப் பேருந்தில் ஏறுகிறார்கள். ஜன்னல் திரைகள் இழுத்து மூடப்படுகின்றன. அனெல்காவை அனுப்பியதைக் கண்டித்துப் பயிற்சி செய்யமாட்டோம் என்று வேலைநிறுத்தம்.

அணியின் நிர்வாகி வாலன்டின் கேமராக்களுக்கு முன்னாலேயே, அருவருப்பாக இருக்கிறது, பதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். மிச்சம் ஒரு காகிதம் இருந்தது, ஆட்டக்காரர்களின் அறிக்கை. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு எங்களைக் காப்பாற்றவில்லை, அனெல்காவை விசாரிக்காமலே அனுப்பிவிட்டது என்று எழுதியிருந்தது. அதை யார் வாசிப்பது? திரைக்குப் பின்னாலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் டொமெனெக்கே வாங்கி, நிருபர்கள் முன்னால் நின்று வாசித்தார். யோசித்துப் பாருங்கள், யாரைத் திட்டியதற்காக ஒருவன் வெளியே அனுப்பப்பட்டானோ, அவனுக்கு ஆதரவான வேலைநிறுத்த அறிக்கையைத் திட்டு வாங்கியவரே வாசிக்கிறார். மில் வாசலில் மேனேஜரே வந்து தொழிற்சங்க நோட்டீஸைப் படித்துக் காட்டுவது மாதிரி. உங்கள் பட்டியலில் இதற்கு விருதே இல்லை! 'சிறந்த செய்தி வாசிப்பாளர்' என்று ஒன்றைச் சேருங்கள். பட்டியலின் முதல் இடமே அதற்குத்தான் கொடுப்பேன்.

பேருந்தின் பக்கவாட்டில் 'எல்லோரும் ஒன்றாக, புதிய நீலக் கனவை நோக்கி' என்று எழுதியிருந்ததாம், இது மட்டும் நிச்சயம் யாரோ கட்டிய கதை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது நிஜம். அந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு அணியின் பேருந்துக்கும் ஒரு வாசகம் கொடுத்திருந்தார்கள், பிரான்ஸுக்குக் கிடைத்தது அது. நீலம் அவர்கள் ஜெர்ஸியின் நிறம். எல்லோரும் ஒன்றாகத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தை நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டு, வாசகத்தின் தமிழை மட்டும் கீழே கொடுத்தேன். வேறு ஒரு வரி எழுதவில்லை. 22 வருடத்தில் நான் எழுதிய நல்ல படக்குறிப்பு அதுதான், அதையும் நான் எழுதவில்லை.

'சிறந்த உடையலங்காரம்' ஆட்டக்காரர் ரிபெரிக்கு. சரியானது. அதே ஞாயிறு காலை, பேருந்துக் கூத்துக்குச் சில மணி நேரம் முன்னால், டொமெனெக் நேரலைப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அழைக்காமலே செருப்போடு வந்து உட்கார்ந்து, மனம் நொந்து பேசினார். உலகமே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று வருத்தப்பட்டவர், மத்தியானம் பேருந்தில் இருந்தார்.

'துரோகி விருது, பெறுபவர் வராததால் நிறுவனத்திடமே உள்ளது' என்பதும் நன்றாக இருக்கிறது. உடைமாற்றும் அறைச் சண்டையைப் பத்திரிகைக்குப் போட்டுக்கொடுத்தவன் எங்களுக்குள்தான் இருக்கிறான், அவனைத்தான் களையெடுக்க வேண்டும் என்று எவ்ரா நிருபர்களிடம் சொன்னார். அது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் உங்கள் பட்டியல் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைப் போட்டிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ஊகத்தில் ஒருவன் தலையில் விருது கட்டக் கூடாது.

கடைசி ஆட்டம், ஜூன் 22, புளூம்ஃபான்டைனில் தென்னாப்பிரிக்காவுடன். எவ்ரா வெளியே, அலூ டியாரா தலைவர். நடுக்கள ஆட்டக்காரர் கூர்குஃபுக்கு அரை மணி நேரம்கூட ஆகாமல் சிவப்பு அட்டை. 1-2. தொடர் முழுக்க பிரான்ஸ் அடித்த ஒரே கோல் மலூடாவுடையது. அதிக கோல் அடித்தவருக்கான 'தங்கக் காலணி'யை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் பரெய்ரா கை நீட்ட, டொமெனெக் கொடுக்க மறுத்தார். பரெய்ரா முழங்கையைப் பிடித்து ஏன் என்று கேட்கிறார், இவர் விரலை ஆட்டுகிறார். ஹென்றியின் கை விஷயத்தில் பிரான்ஸ் தகுதி பெற்றது சரியில்லை என்று முன்பு பரெய்ரா ஏதோ சொன்னதாகக் காரணம் காட்டினார்கள், எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை என்றார் பரெய்ரா. கையில் ஆரம்பித்த கதை கையிலேயே முடிந்தது. 'கைகொடுக்காத கை' என்று உங்கள் ஆள் வைத்த பெயரும் பொருத்தம்.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததைப் பட்டியல் வேகமாகத் தாண்டிவிடுகிறது, நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹென்றியைச் சந்திக்க ஜனாதிபதி சர்கோசியே நேரம் ஒதுக்கினார். விளையாட்டு அமைச்சர் பாஷ்லோ நாடாளுமன்றத்தில், முதிர்ச்சியில்லாத ரவுடிகள் பயந்த சிறுவர்களை ஆட்டிவைத்தார்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டமைப்புத் தலைவர் எஸ்கலெட் பதவி விலகினார். புதிய பயிற்சியாளர் லோரான் பிளாங்க், தென்னாப்பிரிக்கா போன 23 பேரையும் ஒட்டுமொத்தமாக உட்காரவைத்துவிட்டு நார்வேயுடன் ஆடி, அதிலும் 1-2 என்று தோற்றார். விசாரணையில் அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை, எவ்ராவுக்கு 5, ரிபெரிக்கு 3, டூலாலானுக்கு 1. ஏற்கனவே தேசிய அணிக்கு முழுக்குப் போட முடிவெடுத்த அனெல்கா, தண்டனை கொடுத்தவர்களைக் கோமாளிகள் என்று சொல்லிச் சிரித்தார். மெட்ராஸை விட்டே போனவனுக்கு மெட்ராஸில் ரேஷன் அட்டை ரத்து.

பட்டியலில் முழுப் பொய் ஒன்று இருக்கிறது. 'இந்த 23 பேரில் ஒருவர்கூட மறுபடி பிரான்ஸுக்கு ஆடவில்லை' என்கிறது. எவ்ரா 2014 உலகக் கோப்பையில் ஆடினார், 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில்கூட இருந்தார். அதைவிடப் பெரிய சங்கதி: திரை மூடிய அந்தப் பேருந்தில் இருந்த கோல்கீப்பர் ஹியூகோ லோரிஸ்தான் 2018இல் மாஸ்கோவில் தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கியவர். மாற்று கோல்கீப்பர் மன்டான்டாவும் இரண்டு அணியிலும் இருந்தார்.

ஏழாவது விருதை மட்டும் வாசிக்கவே வேண்டாம் என்பேன். கூர்குஃபை மற்றவர்கள் ஒதுக்கிவைத்தார்கள், பந்தே கொடுக்கவில்லை என்பதை வைத்து 'சிறந்த அனாதை' என்று போட்டிருக்கிறார்கள். அப்போது பத்திரிகைகளில் பரவலாக வந்த செய்திதான், ரிபெரி செருப்போடு வந்து மறுத்ததும் இதைத்தான். நிரூபணமில்லை என்பது ஒரு பக்கம். நிஜமாகவே இருந்தாலும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மேலே சொன்ன மற்ற எல்லாமே ஆளாளுக்குத் தெரிந்தே செய்த காரியங்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். இந்தப் பையன் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் அலுவலகத்திலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடாத ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

அந்த இடம் காலியாக இருக்கிறதே என்றால், நான் ஒன்று தருகிறேன். கடைசி ஆட்டத்தை நான் பார்த்தது புதுச்சேரியில், மேலே சொன்ன நண்பர் வீட்டில், இரவு ஏழரைக்கு. அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா'. பிரெஞ்சு தேசிய கீதம் எங்கே கேட்டாலும் எழுந்து நிற்பவர். அன்றும் கைத்தடியை ஊன்றி எழுந்து, விறைப்பாக நின்றார். கேமரா வரிசையாக ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. கீதம் முடிந்து உட்காரும்போது பேரனிடம் கேட்டார்: "எல்லாரும் பஸ்ஸ விட்டு எறங்கிட்டானுங்களா, பாத்தியா?"